சுவரில் இட்ட புள்ளி



ஓவியர் சையத் ஹைதர் ரஸா 1922-இல், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் பாபரியா சிற்றூரில் பிறந்தவர். மனம் அலைபாய்ந்த அச்சிறுவனுக்குப் பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு, அதையே நோக்கச் சொன்னாராம். பிரிவினைக்குப் பின் உடன்பிறந்தோர் பாகிஸ்தான் சென்றனர், இவர் செல்லவில்லை. 1950-இல் பாரிஸ் சென்றார். பிரெஞ்சு ஓவியர் ஒருவரை மணந்தார். அறுபதாண்டுகள் அங்கு வாழ்ந்தார். ஆயினும் பிற்கால ஓவியங்களில் நடுநாயகமாக நின்றது, 'பிந்து' என அவர் அழைத்த அக்கரிய வட்டமே. 2010-இல் தாயகம் திரும்பினார். 2016-இல் மறைந்தபொழுது, மண்டலாவில் தந்தையின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் நினைவில் காடும் நர்மதையும் இருந்தன. நம் நினைவிலோ ஏரிக்கரையோடு சேரித் தெருவும் தனிக்கிணறும் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பணியேற்கும் நம் பிள்ளைகள் சிலர், ஊர்ப்பெயரைச் சொல்லித் தெருப்பெயரை விழுங்கிவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறோம். கேட்பவர் எதற்காகக் கேட்கின்றார் என்பதை நாமும் அறிவோம். பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் பீகாரியும், இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் இளைஞரும் தத்தம் ஊரைச் சுமந்தே நிற்கின்றனர்.

பகலில் விழுங்கிய தெரு இரவில் கனவாய் வருகின்றது. நம் மாலைப்பள்ளிச் சிறுவர்க்கு வண்ணம் வழங்கும்பொழுது, தேரையும் தாமரையையும் மட்டும் வரையச் சொல்ல வேண்டா. அந்தத் தெருவையும் கிணற்றையும் வரையட்டும். வடக்குச் சுவரை அதற்கெனவே வெள்ளையடித்து வைத்திருக்கின்றோம்.