கட்டடமும் கதையும்

 

வெள்ளி விழாக் காணும் இக்கல்விச் சங்கத்தின் மேடையில், வரலாற்றுப் புதினங்களைப் படிக்கும் முறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். வரலாற்றுப் புதினம் என்றதும் அரண்மனையும் குதிரையும் இளவரசியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. நான் இன்று எடுத்துக்கொள்வதோ ஒரு பனிக்கட்டிக் கிடங்கைக் களமாகக் கொண்ட புதினம்.

சென்னை மெரினா கடற்கரைக்கு எதிரே, வளைந்த முகப்புடன் நிற்கும் அக்கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரசு அதற்கு விவேகானந்தர் இல்லம் எனப் பெயரிட்டது 1963ஆம் ஆண்டில். ஆயினும், மக்கள் வழக்கில் அது இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் என்பார், அந்நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளிட்டுப் பொதிந்து, கப்பலேற்றி நம் நாட்டுக்கு அனுப்பினார். 1833இல் கல்கத்தாவில் தொடங்கிய அவ்வணிகம் சென்னைக்கும் பரவியது. 1842இல் இக்கிடங்கு எழுந்தது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவில் நிற்கும். சரக்குகள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேரும். பின்னர், இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அவ்வணிகம் நலிந்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் கைக்கு வந்தது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாட்கள் தங்கினார். பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளம் விதவைகளைப் படிக்க வைத்த விடுதியாகவும் அது விளங்கிற்று.

இவ்வளவையும் நாம் அறிகிறோம். வணிகரின் பெயர் தெரிகிறது. வழக்கறிஞரின் பெயர் தெரிகிறது. ஆனால், மணலில் வந்திறங்கிய அப்பனிக்கட்டிகளைத் தோளிலும் தலையிலும் சுமந்தவர்கள் யார்? கட்டடத்தின் வரலாறு அவர்கள் பெயரைச் சொல்வதில்லை.

இக்கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டதுதான் ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ என்னும் புதினம். 2013இல் வெளிவந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சமே அதன் பின்னணி. ஏய்டன் என்னும் அயர்லாந்துக்கார அதிகாரியின் கண் வழியாக, ஐஸ் ஹவுஸில் உழைக்கும் ஒடுக்கப்பட்ட மக்களின் துயரையும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும் அது கூறுகிறது.

இந்நூலை எங்கள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு மாணவனுக்குக் கொடுத்தேன். நம் சமுதாயத்துப் பிள்ளை; இரண்டே வாரத்தில் படித்து முடித்தான். பின்னர் வந்த தேர்வில், பஞ்சம் பற்றிய வினாவுக்கு, “ஏய்டன் என்ற அதிகாரி ஐஸ் ஹவுஸ் தொழிலாளர்களின் நிலையை விசாரித்தார்” என்று எழுதியிருந்தான். ஏய்டன் கற்பனை மாந்தர் ஆதலால் சிவப்பு மையால் அடித்தேன். அவன் விடைத்தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். “அப்படியானால் நம்மவர்கள் அங்கே வேலையே செய்யவில்லையா, ஐயா?” என்று கேட்டான்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. நான் அடித்தது சரியே. ஆயினும், அந்தச் சிவப்புக் கோடு ஏய்டனை மட்டும் அடிக்கவில்லை. ஒரு பிள்ளை முதன்முதலாகத் தன் முன்னோரைக் கண்ட இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டது என்பதை உணர்ந்தேன்.

மறுநாள் அவனை அழைத்து, ஒரு தாளை மூன்று பகுதியாகப் பிரிக்கச் சொன்னேன். முதற்பகுதி, சான்றுள்ளவை. பஞ்சம் உண்மை. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுவர். 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியாளரின் நாட்கூலித் தானியத்தை ஒரு பவுண்டாக, அதாவது சுமார் 450 கிராமாகக் குறைத்தது உண்மை. மருத்துவர் கார்னிஷ் அதனை எதிர்த்தது உண்மை. பஞ்சத்தில் வாடியோர் உழைப்பைக் கொண்டே கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துப் பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டதும் உண்மை. இரண்டாம் பகுதி, கற்பனை. ஏய்டனும் அவர் பேச்சும் இதில் அடங்கும். புதினத்தில் காத்தவராயன் என்றொருவர் வருகிறார். அயோத்திதாசப் பண்டிதரின் இயற்பெயரும் அதுவே. பெயர் ஒன்றானதால் இருவரும் ஒருவரே என்று எழுதிவிடலாகாது. மூன்றாம் பகுதி, இனித் தேட வேண்டியவை. “நம்மவர்கள் அங்கே வேலை செய்யவில்லையா?” என்ற அவன் கேள்வியை அங்கே அவன் கையாலேயே எழுதச் செய்தேன்.

அன்பர்களே, அம்மூன்றாம் பகுதியே நமக்கு இன்றியமையாதது. புதினத்தை அப்படியே வரலாறு என்று சொன்னால், “அது வெறுங்கதை” என்று ஒரே சொல்லில் நம் வாயை அடைத்துவிடுவர். கதைதானே என்று நாமே ஒதுக்கினால், கேட்க வேண்டிய கேள்வியை இழந்துவிடுவோம். எனவே, புதினத்தை வாயிலாகக் கொள்ளுங்கள். அதையே வீடாகக் கொள்ளாதீர்கள். வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1878இலேயே வில்லியம் டிக்பி இப்பஞ்சத்தைப் பற்றி எழுதிய இரண்டு பெருந்தொகுதிகள் இருக்கின்றன. அங்கே சென்று தேடும் வரலாற்று ஆசிரியர்கள் நம் பிள்ளைகளிலிருந்து தோன்ற வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்க வீடு வீடாகச் சென்று பிடியரிசி வாங்கியவர்கள் யார்? இக்கட்டடத்துக்குச் செங்கல் சுமந்த தாய்மார்கள் யார்? அவர்களுள் சிலர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நன்கொடையாளர் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன, மகிழ்ச்சி. சுமந்தவர்கள் பெயரை இம்மலரிலாவது அச்சிடுங்கள். மாணவர்களே, இன்றே குறிப்பேட்டுடன் அவர்களிடம் சென்று கேட்டு எழுதுங்கள். நூறாண்டு கழித்து நம்மைப் பற்றி ஒருவர் புதினம் எழுதினால், அவர் நம் பெயர்களைக் கற்பனை செய்யும் நிலை வரலாகாது.