மதகடியில் ஒரு போத்தல்



பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் இன்னொருவனுக்கு வழி சொல்வது அவற்றின் அமைப்பு. எவ்வழியாற் போவது, இடையிலே எவர் சோறிடுவார் என்பதெல்லாம் அதில் வரும். வகுப்பில் இதைப் படிப்பிக்கும் போதெல்லாம், வேடிக்கையாக, ஒரு மோட்டார் வண்டிப் பயணமே எனக்கு நினைவில் வரும்.

1888 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில், அவருக்குச் சொல்லாமலே புறப்பட்டார் பேர்த்தா பென்ஸ் அம்மையார். கூடவே இரண்டு புதல்வர்கள். நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த போர்ட்ஸ்ஹைம் என்ற பிறந்த ஊருக்கு அவர் போகவேண்டும். மோட்டார் வண்டியே இல்லாத தெருவில் பெற்றோல் செட் ஏது, கராஜ் ஏது?

வீஸ்லொக் என்ற ஊரில் எரிபொருள் தீரப்போயிற்று. அம்மையார் மருந்துக்கடைக்குட் சென்று, கறை போக்க விற்கும் லிக்ரொயின் என்ற திரவத்தை வாங்கி வண்டிக்கு ஊற்றினார். சங்கிலி பழுதுபட்டபோது ஒரு கொல்லர் கைகொடுத்தார். தடுப்புக் கட்டை தேய்ந்தபோது சப்பாத்துத் தைப்பவர் ஒருவர் தோல் வைத்து ஆணியடித்துக் கொடுத்தார். மோட்டார்த் தொழில் தெரிந்தவர் இவர்களில் ஒருவருமில்லை. தத்தம் கைத்தொழிலை, வாசலில் வந்து நின்றவரின் தேவைக்கு இசைத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

பின்னர் இவ்வுதவி ஒழுங்குபட்டது. பிரான்சில் மூவாயிரம் கார்கள்கூட இல்லாத 1900 ஆம் ஆண்டில், ரயர் உற்பத்தி செய்த மிஷ்லின் சகோதரர்கள் ஏறத்தாழ 35,000 பிரதிகள் அச்சிட்டு ஒரு கையேட்டை இலவசமாக வழங்கினர். எங்கே எரிபொருள் கிடைக்கும், எங்கே வண்டி திருத்தலாம், எங்கே தங்கலாம் என்று அது சொல்லிற்று. அதுவும் ஓர் ஆற்றுப்படைதான். ரயர் தேய்ந்தால் வியாபாரம் பெருகும் என்ற கணக்கும் அதிலுண்டு. இங்கிலாந்தில் 1905 இல் தோன்றிய மோட்டார் சங்கம் சைக்கிளில் ஆட்களைத் தெருவுக்கு அனுப்பிற்று. பிறகு தெருவோரங்களில் தொலைபேசிப் பெட்டிகளை வைத்தது. ஆனால் பெட்டியின் திறப்பு அங்கத்தவர் கையில் மட்டுமே இருந்தது. மருந்துக்கடைக் கதவுக்கு அத்தகைய திறப்புத் தேவைப்படவில்லை.

நேயர்களே, அந்த மருந்துக்கடைக் காலம் எங்கள் யாழ்ப்பாணத்துக்கு இன்னொருமுறை வந்தது. 1990 இன் பின் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டால்தான் இயந்திரம் உயிர்க்கும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் போதும். இடையில் நின்று குளிர்ந்துவிட்டால் மறுபடி பெற்றோல் வேண்டும். அந்தத் துளிகள் தெருவோரங்களில் சிறு போத்தல்களில் விலைக்கு வந்தன.

அப்போது எனக்குப் பத்து வயது. தங்கை பிறக்கவிருந்த இரவு, அம்மாவை ஏற்றிச்சென்ற வாடகைக் கார் ஒரு மதகடியில் நின்றுவிட்டது. சாரதியின் போத்தல் வெறுமை. பக்கத்திலே ஒரு சைக்கிள் கடை. அப்பா கதவைத் தட்டினார். முதியவர் ஒருவர் அரிக்கன் லாம்போடு வந்தார். உள்ளே போய், மருந்துப் போத்தல் ஒன்றிலே விரலளவு பெற்றோல் கொண்டுவந்தார்.

"எவ்வளவு அண்ணை?" என்று அப்பா கேட்டார்.

"முதல் தங்கச்சியைக் கொண்டுபோய்ச் சேர் தம்பி. காசு பிறகு பாப்பம்."

தங்கை நலமாகப் பிறந்தாள். அப்பா காசோடு போனபோதும் அவர் வாங்கவில்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தோம். அந்தக் கடை இல்லை. அவர் பெயரையும் நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

வீஸ்லொக் மருந்துக்கடையின் முன்னால் அம்மையாரின் பயணத்துக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். எங்கள் மதகடியில் ஒன்றுமில்லை. ஆகவேதான் ஆற்றுப்படை படிப்பிக்கும் நாளிலே, பாடத்தின் முடிவில், மாணவருக்கு அந்த முதியவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொடுத்தவனைப் பாடுவதுதானே ஆற்றுப்படை.