குண்டுக்குப் பின் வரும் சொல்
(மும்பையில் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குண்டு உயிரைக் குடிக்கிறது. அதன் பின் அரசு சொல்லும் சொல் ஊரைக் காக்கவும் செய்யும், பிளக்கவும் செய்யும். இந்த நகரில் உழைத்துப் பிழைக்கும் நாம் இதை அறிவோம்.

1993 மார்ச் 12. பங்குச் சந்தை, ஏர் இந்தியா கட்டடம், ஜவேரி பஜார் என அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 257 பேர் மாண்டனர். முந்தைய டிசம்பர், ஜனவரிக் கலவரங்களின் புண் அப்போது ஆறவில்லை. அன்றைய முதலமைச்சர் சரத் பவார், முஸ்லிம்கள் மிகுந்த பகுதியிலும் குண்டு வெடித்ததாக, நடக்காத ஒன்றைச் சேர்த்துச் சொன்னார். தடயங்கள் விடுதலைப் புலிகளைக் காட்டுவதாகவும் நம்பச் செய்தார். இரண்டும் உண்மையல்ல என்று 2006-இல் அவரே ஒப்புக்கொண்டார். கலவரம் மூளாதிருக்கவே அப்படிச் சொன்னதாக விளக்கம் தந்தார்.

கலவரத்தைத் தடுக்கும் எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் கேட்கிறோம்: அதற்காகச் சந்தேகத்தைத் தமிழன் பக்கம் திருப்பலாமா? 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலை நடந்து இரண்டாண்டுகூட ஆகாத நேரம் அது. தாராவியில் தோல் பதனிட்டவனுக்கும் தெருவில் இட்லி விற்றவனுக்கும் அந்தக் குண்டோடு என்ன தொடர்பு? பழி முஸ்லிம் மக்கள்மேல் விழுவதும் அநியாயம், தமிழ் மக்கள்மேல் விழுவதும் அநியாயம். குற்றவாளிமேல்தான் விழ வேண்டும்.

2008 நவம்பர் 26 இரவு, சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் துப்பாக்கி வெடித்தபோது, அறிவிப்பாளர் ஒருவர் இடத்தை விட்டு ஓடவில்லை. எந்த வழியாக வெளியேறுவது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார். பலர் உயிர் தப்பினர். உண்மையான அறிவிப்பின் பலம் அது! அந்த நாட்களில் தொலைக்காட்சிகளோ அதிரடிப் படையின் நடமாட்டத்தை நேரடியாகக் காட்டின. உச்ச நீதிமன்றம் 2012-இல் அதைக் கண்டித்தது. 2015-இல் அத்தகைய நேரடி ஒளிபரப்புக்குத் தடை வந்தது.

அரசுக்கு நம் கோரிக்கை மூன்று. ஒன்று, தெரிந்ததை உடனே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். இரண்டு, விசாரணைக்கு முன் எந்த இனத்தையும் மதத்தையும் சுட்டாதீர்கள். மூன்று, மராத்தி, இந்தியோடு நிறுத்தாமல் தொழிலாளர் பேசும் மொழிகளிலெல்லாம் அறிவியுங்கள்.

நமக்கும் கடமை உண்டு. 2012 ஆகஸ்டில் வெறும் வதந்தியால் ஆயிரக்கணக்கான வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரை விட்டு ரயிலேறினர். பிழைக்க வந்தவனை விரட்ட வதந்தி ஒன்றே போதும். ஆகவே, உறுதியாகாத செய்தியைக் கைபேசியில் பரப்ப மாட்டோம்; பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதமானாலும் அவரோடு நிற்போம்.