பெயர் கேட்டறிதல்: பழைய மென்பொருளும் வழங்கிச் சான்றிதழும்



மொழியியல் கற்றவருக்குக் கணினிப் பாதுகாப்பில் என்ன வேலை என்று, அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். பெயர் ஒன்று, பெயருக்குரியவர் ஒருவர், இரண்டையும் இணைக்கும் சான்று ஒன்று. இது மொழியியலார் அறியாத சிக்கலன்று என விடையிறுத்தோம்.

தேக்காவிலிருந்தே தொடங்குவோம். ஹொக்கியன் மொழியிலிருந்து வந்த இப்பெயருக்கு மூங்கிலின் அடி என்று பொருள். மலாய்க்காரர் இப்பகுதியைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றனர். 1982இல் எழுந்த புதிய சந்தைக் கட்டடத்துக்கு மாண்டரின் ஒலிப்பில் ஜூஜியாவ் நிலையம் எனப் பெயரிட்டனர். மீனும் காய்கறியும் வாங்க வந்தவர் நாவில் அப்பெயர் ஏறவில்லை. 2000ஆம் ஆண்டில் அது தேக்கா நிலையம் ஆயிற்று. டாக்சி ஓட்டுநரிடம் எப்பெயரைச் சொன்னாலும் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். கணினிக்கு அந்த உரிமையைத் தரலாகாது. தன்னிடம் சொல்லப்பட்ட பெயர் சான்றிதழில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்றே அது பார்க்க வேண்டும். ஆகவேதான் ஒரு சான்றிதழில் பல பெயர்களைப் பட்டியலிட இடம் வைத்திருக்கிறார்கள். (.சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. சான்றிதழுக்குள் அது எக்ஸ்என் எனத் தொடங்கும் உரோமன் எழுத்துக் கோவையாகவே நிற்கிறது. தமிழ் அங்கே மாறுவேடத்தில்தான் நடமாடுகிறது.)

தகவலைத் தந்துதவும் கணினியை வழங்கி என்கிறோம். அதனுடன் பாதுகாப்பான இணைப்பு என்பது இரு பணிகளைக் கொண்டது. செல்லும் சொற்களை இடையில் எவரும் படிக்க இயலாதவாறு மறைப்பது ஒன்று. மறுமுனையில் இருப்பவர் நாம் நாடியவர்தாமா என அறிவது மற்றொன்று. முதற்பணி மட்டும் நடந்தால், கடிதத்தை அரக்கு முத்திரையிட்டு மூடி, எதிர்ப்பட்டவர் கையில் கொடுத்த கதைதான்.

அசோகவனத்தில் தூதன் நீட்டிய கணையாழியைச் சீதை நம்பியது ஏன்? அதனை அவள் முன்பே அறிந்திருந்தாள். கணினியும் அவ்வாறே. நம்பத்தக்க சில அமைப்புகளின் வேர்ச் சான்றிதழ்கள் அதனுள் முன்கூட்டியே வைக்கப்பட்டுள்ளன. வழங்கி காட்டும் சான்றிதழ் அவற்றுள் ஒன்றில் சென்று முடிகிறதா, காலம் கடந்ததா, பெயர் பொருந்துகிறதா என மென்பொருள் ஆராய வேண்டும்.

பழைய மென்பொருள் பல இவ்வாராய்ச்சியைச் செய்ததே இல்லை. பைத்தான் நிரல்மொழியின் 2.7 வரிசையை எடுத்துக்கொள்வோம். 2014 டிசம்பரில் 2.7.9 வரும்வரை, அதன் அடிப்படை நூலகம் சான்றிதழைச் சோதிக்காமலே இணைப்பை ஏற்படுத்தியது. இணைப்பு மறைக்கப்பட்டிருந்தது, ஆனால் யாரோடு பேசுகிறோம் என எவரும் கேட்கவில்லை.

மொழியியலாருக்கு மிகச் சுவையான பிழை வேறொன்று. கர்ல் என்னும் புகழ்பெற்ற நூலகத்தில், வழங்கியின் பெயரைச் சரிபார்க்க ஓர் அமைப்பு உண்டு. நிரலாளர் பலர் அதற்கு 'ஆம்' என எழுதினர். பிஎச்பி மொழி அந்த 'ஆம்' என்பதை 1 என மாற்றிக்கொடுத்தது. கர்ல் நூலகத்திலோ 1 என்றால் 'சான்றிதழில் ஏதேனும் ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்' என்று பொருள். 2 என்றால்தான் 'நாம் நாடிய பெயர் இருக்கிறதா என்று பார்'. சரிபார்க்கச் சொல்லியதாக எண்ணியவர் உண்மையில் சரிபார்ப்பைத் தளர்த்திவிட்டனர். 2012இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை வெளிப்படுத்தினர்; பணம் செலுத்த உதவும் மென்பொருள்களிலும் இத்தகைய பிழைகளைக் கண்டனர். அவ்வாண்டின் இறுதியில் வந்த கர்ல் பதிப்பு, 1 என்னும் விடையை ஏற்க மறுத்தது. ஒரு சொல்லுக்கு எழுதியவர் கொண்ட பொருளும் படித்தவர் கொண்ட பொருளும் வேறுபட்டதால் விளைந்த கேடு இது. வகுப்பறையில் நாம் அன்றாடம் காண்பதுதானே!

கணையாழிப் பட்டியலையும் காலத்துக்கேற்பத் திருத்த வேண்டும். 2014 ஜூலையில், இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் அமைப்பிலிருந்து, கூகுள் முகவரிகளுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரியவந்தது. இடைநிலைச் சான்றிதழ்களை நீக்கினார்கள். அச்செய்தி எட்டாத பழைய கணினி அவற்றைத் தொடர்ந்து நம்பியிருக்கும்.

இனி நம் தவற்றைச் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பர் 30, சிங்கப்பூர் நேரப்படி இரவு 10 மணியளவில், டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்னும் வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக வழங்கிய எண்ணற்ற சான்றிதழ்கள் அதன் வழியேயும் நம்பப்பட்டுவந்தன. மாற்றாக ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்னும் புதிய வேர் இருந்தது. ஆனால் ஓப்பன் எஸ்எஸ்எல் 1.0.2 என்னும் பழைய நூலகம், புதிய வேர் தன் கையில் இருந்தபோதும், வழங்கி காட்டிய பழைய பாதையிலேயே சென்று காலாவதியான வேரில் முட்டி நின்றது.

நாம் சொற்றொகுப்புக்குப் பயன்படுத்திய நிரலும் அவ்வாறே நின்றது. உதவிக்கு வந்த இளைஞர் ஒரே வரியில் சரிபார்ப்பை நிறுத்தினார். அருகில் 'தற்காலிகம்' எனக் குறிப்பும் எழுதினார். நிரல் ஓடியது. நாம் மகிழ்ந்து நன்றியும் கூறினோம். அந்த வரி 14 மாதங்கள் அங்கேயே இருந்தது. அக்காலமெல்லாம் ஆசிரியர் பலர், தேக்காவின் காப்பிக்கடைகளில் அமர்ந்து, அங்குள்ள பொது வைஃபை வழியாகத் தம் கடவுச்சொற்களை அந்நிரலில் இட்டார்கள். இடையில் எவரேனும் வழங்கிபோல் நடித்துக் கைப்பற்றினாரா? அறிய வழியில்லை, அப்படி ஒருவர் வந்திருந்தாலும் திரையில் எந்த வேறுபாடும் தெரிந்திராது. ஒவ்வோர் ஆசிரியரையும் தனித்தனியே அழைத்து, கடவுச்சொல்லை மாற்றுமாறு வேண்டினோம். வேறிடங்களிலும் அதே சொல்லை வைத்திருந்த ஓர் ஆசிரியை சற்று நேரம் பேசாமலிருந்தார். அந்த மௌனத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. குற்றம் இளைஞருடையதன்று; 'ஏன் நின்றது' எனக் கேளாமல் 'எப்போது ஓடும்' எனக் கேட்ட நம்முடையது.

மருந்து எளியது. காலாவதியான வேரைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் பழைய நூலகம் புதிய பாதையைக் கண்டுகொண்டது. சரிபார்ப்பை மீண்டும் இயக்கினோம். பின்னர் நூலகத்தையே புதுப்பித்தோம்.

மாணவர்கள் தம் நிரலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பேட்எஸ்எஸ்எல் என்னும் இணையத்தளம், காலாவதியானவை, பெயர் பொருந்தாதவை, நம்பத்தகாத வேருடையவை எனப் பழுதுள்ள சான்றிதழ்களை வேண்டுமென்றே காட்டுகிறது. உங்கள் நிரலை அவற்றோடு இணைத்துப் பாருங்கள். அது மறுக்க வேண்டும். மறுக்காமல் இணைந்துவிட்டால், அந்நிரலைத் திறந்து, 'தற்காலிகம்' என்னும் குறிப்பு எங்கேனும் இருக்கிறதா எனத் தேடுங்கள்.