ஏ.டி.ஹெச்.டி: "என்னாலதான் வந்துச்சாடா?"

எனக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்குன்னு தெரிஞ்ச கதையை போன எபிசோடுல சொன்னேன். அதுல ஒரு பகுதியை விட்டுட்டேன். இன்னைக்கு அதுதான்.

சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்னு சொல்ல வீட்ல இருந்து யாராவது வரணும்னு டாக்டர் கேட்டிருந்தார். அப்பா வந்தார். பொருளைத் தொலைக்கிறது, ஆரம்பிச்ச வேலையைப் பாதியில விடறது, ஓரிடத்துல உக்கார முடியாம இருக்கறதுன்னு டாக்டர் ஒவ்வொண்ணா கேக்கக் கேக்க, அப்பா சிரிச்சுட்டே, "இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதானே சார்? நானும் இப்படித்தான்" என்றார். டாக்டர் அதையும் எழுதிக்கிட்டார்.

திரும்பி வர்றப்ப பஸ்ல அப்பா மெதுவா கேட்டார்: "அப்போ என்னாலதான் உனக்கு வந்துச்சாடா?"

எனக்குப் பதில் தெரியலை. அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

இரட்டையர்களை வெச்சு நிறைய ஆய்வு நடந்திருக்கு. ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு மரபணு கிட்டத்தட்ட முழுசா ஒண்ணு. மத்த இரட்டையர்களுக்குச் சராசரியா பாதிதான் பொது. முதல் வகையில ஒருத்தருக்கு ஏ.டி.ஹெச்.டி. இருந்தா இன்னொருத்தருக்கும் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். இந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தா, மரபணுவோட பங்கு சுமார் 74 சதவீதம்னு வருது.

இங்கதான் நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். என்னோட பிரச்சினையில 74 சதவீதம் அப்பா குடுத்ததுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. ஒரு டம்ளர் காபியோட ருசியில டிகாக்ஷன் எத்தனை சதவீதம், பால் எத்தனை சதவீதம்னு பிரிக்க முடியாது. ஆனா நூறு வீட்டுக் காபி ஏன் நூறு விதமா இருக்குன்னு கேட்டா, "பெரும்பாலும் டிகாக்ஷன் வித்தியாசம்தான்"னு சொல்லலாம். 74ங்கறது அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்.

அடுத்தது, எந்த மரபணு? சாஃப்ட்வேர் ஆளு இல்லையா, பக் எந்த லைன்லன்னுதான் முதல்ல தேடினேன். அப்படி ஒரு லைன் இல்லை. ஏ.டி.ஹெச்.டி. இருக்கற 38,691 பேரை, இல்லாத 1,86,843 பேரோட ஒப்பிட்ட ஆய்வு 2023ல் வெளியாச்சு. மரபணுத் தொகுதியில 27 இடங்கள் சிக்கின. ஒவ்வொண்ணோட தாக்கமும் ரொம்பச் சின்னது. இது மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன வித்தியாசங்கள் சேர்ந்துதான் வேலை செய்யுது. அதனாலதான் ரத்தமோ எச்சிலோ குடுத்து இதைக் கண்டுபிடிக்கற டெஸ்ட் இல்லை. டாக்டர் உக்காந்து பேசித்தான் சொல்லணும். அந்த ஆய்வுல இருந்தவங்க ஐரோப்பிய வம்சாவளியினர்ங்கறதையும் மனசுல வெச்சுக்கணும்.

பரம்பரைன்னா மாத்தவே முடியாதுன்னும் இல்லை. கிட்டப்பார்வையும் குடும்பத்துல வர்றதுதான். கண்ணாடி போட்டா போர்டு தெரியுது.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். "நீங்க வேணும்னு எதையும் குடுக்கலைப்பா. தாத்தா, பாட்டி, அம்மா பக்கம்னு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்திருப்பாங்க."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார்: "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்னு உங்கம்மாவை எத்தனை நாள் திட்டியிருக்கேன்."

அன்னைக்கு நைட் அதை அம்மாகிட்டயும் சொன்னார். அம்மா, "இப்பவாவது தெரிஞ்சுதே"ன்னு மட்டும் சொன்னாங்க.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் திட்டு வாங்கிட்டு இருந்தா, இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பாப்போம்.