கண்ணுக்குத் தப்பினால் போதுமா?

தலைமை உரை நீண்டால் முதல் அமர்வுக்கான கூட்டம் தேநீருக்குக் கலைந்துவிடும். ஆகவே ஒரே ஒரு குறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

படத்துக்குள் தரவை மறைக்கும் முறைகளைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மூலப்படத்தையும் செய்தி மறைத்த படத்தையும் அருகருகே அச்சிடுவார்கள். வேறுபாடு தெரியவில்லை பாருங்கள் என்பார்கள். மூலப்படத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அளக்கும் பிஎஸ்என்ஆர் இத்தனை டெசிபெல் என்று அட்டவணை போட்டு, முறை பாதுகாப்பானது என்று முடித்துவிடுவார்கள். ஆனால் 1983இல் சிம்மன்ஸ், காவலர் கண்ணெதிரே இரகசியச் செய்தி பரிமாறும் சிறைக்கைதிகள் கதையை வைத்து இந்தச் சிக்கலை வகுத்தபோதே நிபந்தனை தெளிவாக இருந்தது: காவலருக்குச் சந்தேகம் தட்டினாலே ஆட்டம் முடிந்தது. அவர் செய்தியைப் படிக்கவே வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக, எட்டு பிட் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றில் ஒவ்வொரு பிக்சலின் கடைசி பிட்டையும் செய்தியின் பிட்டாக மாற்றி எழுதுகிறோம். 100 என்ற மதிப்பு 100ஆகவே இருக்கும், அல்லது 101 ஆகும்; ஒருபோதும் 99 ஆகாது. 101 மாறினால் 100தான். முதலில் 100 மதிப்புள்ள பிக்சல்கள் 900, 101 உள்ளவை 500 என்று கொள்வோம். மறைத்தபின் இரண்டும் ஏறக்குறைய 700 ஆகிவிடும். இப்படி 100-101 போன்ற எல்லா இணைகளும் சமமாகி நிற்கும் படம் எந்தக் கேமராவிலும் பிறப்பதில்லை. வெஸ்ட்ஃபெல்டும் ஃபிட்ஸ்மானும் 1999இல் கை-வர்க்கச் சோதனையால் பிடித்தது இதைத்தான்.

இப்போது ஒரு சிறு மாற்றம். பிட் பொருந்தாத இடத்தில் கூட்டுவதா கழிப்பதா என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்கிறோம். 100 இனி 99ஆகவும் போகலாம். இணைகள் சமமாவதில்லை, அந்தச் சோதனை கைவிரித்துவிடுகிறது. இரண்டு முறைகளிலும் படம் முழுக்கச் செய்தியை நிரப்பினால் பிஎஸ்என்ஆர் ஏறத்தாழ அதே 51 டெசிபெல்தான்! ஒன்று உடனே அகப்படும், மற்றதைப் பிடிக்க வேறு கருவி வேண்டும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் தரும் அளவுகோலைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டுவதை இனியும் ஏற்பதற்கில்லை.

ஜேபெக் படங்களிலும் இதே கதை. 2001இல் வந்த எஃப்5 என்ற மறைப்பு முறை, கை-வர்க்கச் சோதனையை வென்றது. அடுத்த ஆண்டே ஃப்ரிட்ரிக் குழுவினர் படத்தின் ஓரத்தில் நான்கு பிக்சலை வெட்டி, மீண்டும் சுருக்கி, மூலப்படத்தின் புள்ளிவிவரத்தை மதிப்பிட்டு அதைப் பிடித்தார்கள். 2010 முதல் வந்த ஹ்யூகோ, யூனிவார்ட் போன்ற மறைப்பு முறைகள் தெளிந்த வானத்தைத் தொடாமல் புல்லிலும் இலையிலும் ஒளிகின்றன. இன்று பிடிக்கக் கடினமானவை இவைதாம். இவற்றைப் பிடிக்க 34,671 பண்புகளைக் கணக்கிடும் மாதிரியும், பிறகு நரம்பு வலைகளும் வந்தன. செய்தி போதிய அளவு நீளமானால் இந்த மறைப்பு முறைகளும் தப்புவதில்லை. படம் நான்கு மடங்கு பெரிதானால், அதே ஆபத்தில் ஒளிக்கக்கூடிய செய்தி இரண்டு மடங்குதான் வளரும் என்கிறது வர்க்கமூல விதி.

பிடிப்பவர்களும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். ப்ரோவோஸும் ஹனிமேனும் ஈபே தளத்திலிருந்து இருபது லட்சம் படங்களைச் சோதித்தார்கள். கருவி ஆயிரக்கணக்கானவற்றைச் சந்தேகித்தது. ஒரு செய்திகூடக் கிடைக்கவில்லை. ஒரு கேமராவின் படங்களில் பழகிய கருவி வேறு கேமராவின் படங்களில் தடுமாறுவதும் நாமறிந்ததே.

ஆகவே இங்கே கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை பிட் மறைத்தீர்கள், எந்தக் கண்டறியும் கருவியிடம் சோதித்தீர்கள், பிழை எத்தனை விழுக்காடு, படங்கள் எந்த மூலத்திலிருந்து வந்தவை என்பதைச் சொல்லுங்கள். சொல்லாதவர்களிடம் கேள்வி நேரத்தில் அமர்வுத் தலைவர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.