இரண்டு கணக்கும் ஒரே ஏட்டில்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர்களே!

சபரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. இருந்தும் வரக்காப்பொலயில் நின்று உங்களிடம் கடலைப் பற்றிப் பேசப்போகிறேன். நம் தோட்ட லயங்களில் சோற்றோடு சேரும் நெத்தலியும் கருவாடும் அங்கிருந்துதான் வருகின்றன. அதோடு, படித்தவரும் பாடுபடுபவரும் ஒன்றாய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் கடல்தொழிலில் தெளிவாகக் காணலாம்.

சூரை மீனுக்காக இரவில் விடப்படும் செவுள்வலை பல கிலோமீற்றர் நீளமானது. சூரை திரியும் இடத்தில்தான் டொல்பினும் ஆமையும் திரிகின்றன. வலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் அவை இறந்துபோகின்றன. 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலின் சூரை வலைகளில் ஏறத்தாழ 41 இலட்சம் டொல்பின்களும் அவற்றைப் போன்ற சிறு கடற்பாலூட்டிகளும் சிக்கியிருக்கலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்த வலையை நம்பித் தொழில் செய்யும் நாடுகளில் இலங்கையும் ஒன்று.

நம் நாட்டில் டொல்பினுக்கும் ஆமைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. நீள்வால் சுறாவைப் பிடிப்பதற்கு 2012இல் தடை வந்தது. இந்தச் சட்டங்கள் வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் வழக்கு வரும் என்று அஞ்சுகிறவர், வலையில் செத்துக் கிடந்ததைக் கடலிலேயே தள்ளிவிட்டுப் பேசாமல் கரை திரும்புவார். எங்கே சிக்கியது, எந்நேரம், எந்த ஆழம் என்ற செய்தியும் அதோடு மறைந்துவிடும். அந்தச் செய்தி இல்லாமல் எந்த விஞ்ஞானியும் மாற்று வழி காண முடியாது.

பாகிஸ்தானில் உலக வனவிலங்கு நிதியத்தினர் படகுத் தலைவர்களிடமே போனார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வலையில் சிக்கியதையெல்லாம் அவர்கள் கையாலேயே குறித்துவரச் செய்தார்கள். வலையை நீர்மட்டத்தில் விடாமல் இரண்டு மீற்றர் தாழ்த்தி விட்டபோது, டொல்பின்கள் சிக்குவது முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. அந்த முடிவுக்கு ஆதாரம் படகில் எழுதப்பட்ட குறிப்புகள்தாம். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணைக்குழுவும் 2019இல், 2023ஆம் ஆண்டளவில் செவுள்வலைகள் இரண்டு மீற்றர் ஆழத்தில் விடப்பட வேண்டும் என்பதைத் தன் தீர்மானத்தில் சேர்த்தது. இலங்கையும் அந்த ஆணைக்குழுவில் உறுப்பு நாடு.

மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாக் கரையில் விஞ்ஞானிகளும் மீனவர்களும் சேர்ந்து வலைகளில் பச்சை விளக்குகளைக் கட்டிப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, வேண்டாமல் சிக்கியவற்றின் எடை 63 வீதம் குறைந்தது. சுறாவும் திருக்கையும் சிக்குவது 95 வீதம் குறைந்தது. அந்த ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: வலையை இழுத்துச் சுத்தம் செய்யும் நேரம் 57 வீதம் குறைந்தது. நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த எண்ணைத்தான்.

விஞ்ஞானி சுறாவை எண்ணுகிறார். மீனவர் கிழிந்த வலையையும், எரிந்த டீசலையும், இழந்த தூக்கத்தையும் எண்ணுகிறார். இரண்டும் உண்மைக் கணக்குகள். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிய இடத்தில்தான் மாற்றம் நிலைத்தது. அமெரிக்காவில் இறால் வலைகளுக்காக அரசு விஞ்ஞானிகள் முதலில் செய்த ஆமை தப்பும் கருவி பாரமானது. மீனவர்கள் அதை விரும்பவில்லை. ஜோர்ஜியாவைச் சேர்ந்த சிங்கி பூன் என்ற இறால் மீனவர், வலையை நிரப்பும் சொறிமீனை வெளியேற்றத் தானே ஒரு கம்பிச் சட்டம் செய்து வைத்திருந்தார். ஆமைகளும் அந்த வழியே தப்பின. பின்னர் அவருடைய எளிய வடிவமும் அரசின் அங்கீகாரம் பெற்றது.

அன்புப் பிள்ளைகளே, உங்களில் பலர் ஆசிரியராகவோ, தாதியாகவோ, விவசாய அதிகாரியாகவோ, ஆய்வாளராகவோ போகப்போகிறீர்கள். கையில் ஒரு படிவத்தோடு தொழிலாளர் முன்னே நிற்கும் நாள் வரும். எந்த இறப்பர் மரம் பால் தரும், எந்தப் பட்டை வற்றிவிட்டது என்பது விடியற்காலையில் பால்வெட்டப் போகும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அவரிடம் யாராவது எப்போதாவது அதைக் கேட்டு எழுதிக்கொண்டார்களா? நீங்கள் கேளுங்கள். உங்கள் திட்டத்தால் அவருக்கு எத்தனை மணி நேரம் கூடும், எவ்வளவு கூலி குறையும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்காகத் திட்டத்தை மாற்றவும் தயாராக இருங்கள். அவர் தந்த அறிவை, அவர் தந்தது என்றே அறிக்கையில் எழுதுங்கள்.

உழைப்பவரின் அறிவைக் கேட்காமல் விட்ட தலைமுறைகள் பல. அந்த வழக்கத்தை முடித்துவைக்கும் தகுதி, இருபுறமும் அறிந்த உங்களுக்கு இருக்கிறது. இன்று பெறும் பட்டம் அந்தப் பணிக்கான உரிமைப் பத்திரமாகட்டும். உங்களை மனமாரப் பாராட்டுகிறேன்.